புராஸ்டேட் ரேடியேஷனுக்குப் பிறகு இரண்டாவது புற்றுநோய்: இந்த எண்களை எப்படிப் படிப்பது?

காலைநடை58:
வணக்கம். எனக்கு வயது 58. சமீபத்தில் பயாப்ஸியில் புராஸ்டேட் புற்றுநோய் உறுதியானது. கிளீசன் (கட்டியின் வீரியத்துக்கான மதிப்பெண்) 3+4, பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) 9. ஸ்கேன்களில் வெளியே எங்கும் பரவவில்லை. ஆபரேஷன், ரேடியேஷன் இரண்டில் எதை எடுத்தாலும் சரி என்று சொல்லி, முடிவை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர், "உங்கள் வயதில் ரேடியேஷன் எடுத்தால் பதினைந்து, இருபது வருடம் கழித்துச் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ வேறொரு புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு" என்றார். கதிர்வீச்சு மருத்துவரிடம் அதைக் கேட்டேன். "உண்மைதான், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்" என்றார். இருவரும் பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து தேடினால் "சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 67 சதவீதம் அதிகம்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. படித்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள், சிகிச்சை எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு:
சார், முதலில் அந்த 67 உங்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டியதில்லை. நான் மருத்துவர் அல்ல. புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவுகளோடு வேலை செய்பவன். அந்த எண் 2016-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வில் இருப்பது. 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரேடியேஷன் எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான விகிதம் 1.67 மடங்கு, மலக்குடலுக்கு 1.79 மடங்கு என்று வந்தது.

மடங்கு என்பது எதன் மேல் மடங்கு என்று பார்க்க வேண்டும். கணக்கு புரிவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம்: ஆயிரம் பேரில் 10 பேருக்கு எப்படியும் வரக்கூடிய நோய் என்றால், 1.67 மடங்கில் அது 17 பேராகும். அந்த ஆயிரத்தில் மீதி 983 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. அதே தொகுப்பாய்வில் ரேடியேஷன் எடுத்தவர்களிடம் உண்மையில் கண்ட அளவையும் கொடுத்திருக்கிறார்கள்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வுக்கு ஆய்வு 0.1 முதல் 3.8 சதவீதம் வரை, மலக்குடல் 0.3 முதல் 1.2 சதவீதம் வரை. இதில் எப்படியும் வந்திருக்கக்கூடியவையும் அடக்கம்.

இன்னொரு பெரிய ஆய்வு 2022-இல் வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில் சிகிச்சை பெற்ற 1,43,886 ஆண்கள். ரேடியேஷன் எடுத்தவர்களில் 3.7 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டாவது புற்றுநோய் வந்தது. எடுக்காதவர்களில் 2.5 சதவீதம். நூறு பேருக்கு ஓர் ஆளுக்குச் சற்று மேல் வித்தியாசம். ஆனால் வருடங்கள் போகப் போக இடைவெளி கூடியது: முதல் ஐந்து வருடத்தில் 1.24 மடங்கு, ஐந்து முதல் பத்து வருடத்தில் 1.50, பத்து முதல் பதினைந்தில் 1.59.

உங்கள் இரண்டு மருத்துவர்களும் சொன்னது இதே எண்களைத்தான். ஒருவர் மடங்கைப் பார்த்துச் சொன்னார், மற்றவர் மொத்த அளவைப் பார்த்துச் சொன்னார்.

மகள்_கேட்கிறேன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 77 வயது, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரேடியேஷன்தான் சரி என்கிறார்கள். அப்பா இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு வேண்டாம் என்கிறார். என்ன சொல்வது?

பதிவேடு:
அம்மா, கதிர்வீச்சால் திடக்கட்டி (ரத்தப் புற்றுநோய் அல்லாத, கட்டியாக வளரும் புற்றுநோய்) வருவதற்குக் குறைந்தது ஐந்து வருடம், பெரும்பாலும் பத்துக்கு மேல் ஆகும். அப்பாவின் வயதிலும் இதயத்தின் நிலையிலும் இந்த ஆபத்துக்குத் தராசில் அநேகமாக எடையே இல்லை. பெரிய ஆபரேஷனும் மயக்க மருந்தும்தான் அவருக்குக் கனமானவை. அவரிடம் தயங்காமல் அப்படியே சொல்லுங்கள். காலைநடை சாருக்கு 58. இன்னும் இருபத்தைந்து வருடம் முன்னால் இருக்கக்கூடியவர், அதனால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கும் இரண்டு பதில்.

ஆறாத்துயர்:
எல்லோரும் சதவீதம் பேசுகிறீர்கள். என் அண்ணன் 64 வயதில் புராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் எடுத்தார். நன்றாகக் குணமானார். ஒன்பது வருடம் கழித்துச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். முற்றிய நிலையில்தான் தெரிந்தது. ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட இடம் என்பதால் மறுபடியும் கொடுக்க முடியாது என்றார்கள், ஆபரேஷனும் கடினமாக இருந்தது. காப்பாற்ற முடியவில்லை. சிகிச்சைக்கு முன்னால் ஒருவர்கூட எங்களிடம் இப்படி ஒன்று வரலாம் என்று சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நாங்கள் ஆபரேஷன் பக்கம் போயிருப்போம். 58 வயதுக்காரர் ரேடியேஷன் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

பதிவேடு:
உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது மிகவும் வருத்தமானது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நடப்பது அரிது என்றாலும் சொல்ல வேண்டிய விஷயம்தான் இது. தவறாக நினைக்காமல் ஒன்று கேட்கலாமா: அவருக்குப் புகைப்பழக்கம் இருந்ததா?

ஆறாத்துயர்:
இருந்தது. ரேடியேஷனுக்குப் பிறகு குறைத்தார், முழுதாக விடவில்லை.

பதிவேடு:
சொன்னதற்கு நன்றி. அவர் மேல் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். அதனால் ஒரு தனி மனிதருக்கு வந்த கட்டியைப் பார்த்து, இது கதிர்வீச்சால் வந்தது, இது புகையால் வந்தது என்று பிரிக்க வழி இல்லை. 1948-இலேயே கேஹன் குழுவினர் சில அளவுகோல்களை வகுத்தார்கள்: கதிர்வீச்சு பட்ட இடத்தில் வந்திருக்க வேண்டும், இடையில் போதிய வருடங்கள் கடந்திருக்க வேண்டும், திசு வகை முதல் கட்டியிலிருந்து வேறாக இருக்க வேண்டும். அவை "இருக்கலாம்" என்று சொல்ல உதவும். "இதுதான்" என்று சொல்ல உதவாது.

ஆய்வுகளிலும் இதே சிக்கல்தான். ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் பொதுவாக வயது குறைந்தவர்கள், உடல் திடமானவர்கள். இதயம், நுரையீரல் சரியில்லாதவர்களையும் புகைப்பவர்களையும் ரேடியேஷன் பக்கம் அனுப்புவது அதிகம். ஆக இரண்டு குழுக்களும் தொடக்கத்திலேயே சமமாக இல்லை. பெரிய பதிவேடுகள் பலவற்றில் யார் புகைத்தார் என்ற விவரமே இருக்காது. 2000-இல் பிரென்னர் குழுவினர் அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோயும் ரேடியேஷன் குழுவில் கூடியிருந்தது. உடலுக்குள் சிதறும் சிறிதளவு கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்றார்கள். புகையும் காரணமாக இருக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றாமல் இருக்காது.

அப்படியானால் ரேடியேஷனால் எதுவுமே வருவதில்லையா? வருகிறது. இதற்கு என் மனதுக்கு மிகவும் நம்பகமாகப் படும் சான்று 2005-இல் பாக்ஸ்டர் குழுவினர் வெளியிட்டது. 85,815 ஆண்கள். குடலை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: நேரடியாகக் கதிர்வீச்சு படும் மலக்குடல், ஓரளவு படக்கூடிய பகுதி, படவே படாத மேல் பெருங்குடல். மலக்குடலில் 1.7 மடங்கு. ஓரளவு படும் பகுதியில் கூடுதல் என்று சொல்ல எதுவும் இல்லை. படாத பகுதியிலும் இல்லை. புகையோ, உணவோ, பரம்பரையோ காரணம் என்றால் குடல் முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஒரே ஆளின் ஒரே குடலில் கதிர் பட்ட ஒரு சாண் மட்டும் கூடுகிறது என்றால் அது கதிரின் வேலைதான்.

பிரென்னர் ஆய்வின் மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சால் கூடுதலாக வரும் புற்றுநோய், சிகிச்சை பெற்ற எல்லோரையும் எடுத்தால் 290 பேரில் ஒருவருக்கு. ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களில் 125 பேரில் ஒருவருக்கு. பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களில் 70 பேரில் ஒருவருக்கு. அவர்கள் எடுத்தது பழைய காலத்து ரேடியேஷன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லினாக்அறை:
அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். நான் கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். திட்டம் போடுவதும் டோஸ் கணக்கிடுவதும் என் அன்றாட வேலை.

புராஸ்டேட் சுரப்பிக்கு மேலே ஒட்டினாற்போலச் சிறுநீர்ப்பையின் கழுத்து, பின்னால் மலக்குடலின் முன்சுவர். எவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்டாலும் இந்த இரண்டு இடத்திலும் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய முழு டோஸ் போகும். முன்பெல்லாம் பெரிய சதுரப் புலங்களாக இடுப்பு வழியே அனுப்பினார்கள். நிறைய நல்ல திசு அதிக டோஸில் மாட்டியது. ஐஎம்ஆர்டி என்ற புதிய கதிர்வீச்சு முறை வந்தபின் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப டோஸை வளைக்க முடிகிறது, அதிக டோஸ் படும் கன அளவு சுருங்கிவிட்டது.

அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பல திசைகளிலிருந்து வருவதால் இடுப்பில் இன்னும் அதிகப் பகுதிக்குக் குறைந்த டோஸ் போய்ச் சேர்கிறது. இயந்திரம் அதிக நேரம் இயங்குவதால் கசிவும் கூடும். 2003-இல் ஹால், வூ இருவரும் இதைக் கணக்குப் போட்டு, பத்து வருடம் வாழ்பவர்களில் இரண்டாவது புற்றுநோய் சுமார் 1 சதவீதத்திலிருந்து 1.75 சதவீதமாகலாம் என்றார்கள். அது மாதிரிக் கணக்கு, நோயாளிகளை எண்ணிப் பார்த்த முடிவு அல்ல. அந்த எச்சரிக்கையால் நடைமுறையில் சில விஷயங்களில் கவனம் கூடியது. 10 எம்விக்கு (மெகாவோல்ட்) மேற்பட்ட ஆற்றலில் நியூட்ரான்கள் உண்டாகும் என்பதால் புராஸ்டேட்டுக்குக் குறைந்த ஆற்றலில் கொடுப்பதையே நான் விரும்புவேன். நோயாளியைச் சுற்றிக்கொண்டே கதிர் கொடுக்கும் இன்றைய சுழல் முறையில் இயந்திரம் இயங்கும் நேரமும் குறைந்துவிட்டது.

ப்ராக்கிதெரபி, அதாவது கதிர் வீசும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே வைப்பது, வேறு கதை. அயோடின்-125, பல்லேடியம்-103 விதைகளின் கதிர் சில மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் அடங்கிவிடும். பதிவேடு சார் சொன்ன 2016 தொகுப்பாய்விலும், ப்ராக்கிதெரபி மட்டும் எடுத்தவர்களிடம் ஆபத்து கூடியதாக ஒரே சீராகத் தெரியவில்லை. 3+4-இல் பலருக்கு இது பொருந்தும். காலைநடை சார், உங்கள் சுரப்பியின் அளவு, சிறுநீர் போகும் வேகம் இரண்டையும் பார்த்துத் தகுதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தக் கவலை உள்ளவருக்கு யாரும் எடுத்துச் சொல்லாமல் விட்டுவிடும் வழி இது.

எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களால் கொடுக்கும் ரேடியேஷன் பற்றி எப்படியும் கேட்பீர்கள். கட்டியைத் தாண்டியதும் டோஸ் நின்றுவிடுவதால் கோட்பாட்டில் நல்லது. இதுவரை வந்த ஒப்பீடுகளில் புரோட்டான் எடுத்தவர்களுக்கு இரண்டாவது புற்றுநோய் குறைவாகத் தெரிகிறது. ஆனால் புரோட்டான் எடுப்பவர்கள் வசதியும் ஆரோக்கியமும் கூடியவர்கள். பின்தொடர்ந்த காலமும் போதாது. அதற்காகவே அலைந்து தேடிப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

துணைவி:
என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். இந்தப் பயத்தினால்தான் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது பிஎஸ்ஏ மெல்ல ஏறுகிறது, ரேடியேஷன் தேவைப்படும் என்கிறார்கள். எதைத் தவிர்க்கப் போனோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

லினாக்அறை:
அம்மா, இது நிறையப் பேருக்கு நடக்கிறது. ஆபரேஷன் என்றால் கதிர்வீச்சே கிடையாது என்று எண்ணிப் போகிறவர்களுக்கு இதை முன்பே சொல்ல வேண்டும். சுரப்பியை எடுத்த பிறகு சிறுநீர்ப்பை கீழிறங்கி அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் அந்தப் படுகைக்குக் கொடுக்கும்போது சிறுநீர்ப்பையும் டோஸ் வாங்கும். ஆனால் இப்போது அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதே கொடுத்தால்தான் பலன் அதிகம். கண் முன்னால் இருப்பது திரும்பி வந்த நோய். அதற்குத்தான் முதலிடம்.

காலைநடை சாருக்கும் இது பொருந்தும். ஆபரேஷன் பக்கம் சாய்ந்தால், "ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு ரேடியேஷன் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு?" என்று நிபுணரிடம் கேளுங்கள். அந்தப் பதில் பெரியதாக இருந்தால், இரண்டாவது புற்றுநோய்க்குப் பயந்து ஆபரேஷன் எடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

வருடங்கள்_கடந்தவன்:
நான் ரேடியேஷன் எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிஎஸ்ஏ அடங்கியே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மலத்தில் ரத்தம் பார்த்தேன். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இது சகஜம் என்று தெரியும், இருந்தாலும் காட்டினேன். கதிர்வீச்சால் மலக்குடலின் உட்சுவரில் ரத்த நாளங்கள் மெலிந்து கசிந்தது, அவ்வளவுதான். பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் உள்ளே பார்க்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று மருத்துவரே சொன்னார். ஆறாத்துயர் எழுதியதைப் படித்தபோது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஸ்கோப்_செவிலியர்:
இந்த அண்ணன் எழுதியதைத்தான் நானும் எழுத வந்தேன். எண்டோஸ்கோபி பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். வருபவர்களில் பலர் "ரேடியேஷன் எடுத்திருக்கிறேன், அதனால்தான் ரத்தம்" என்று தாங்களே முடிவு கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் சில பேருக்குச் சரியாக இருக்காது, அவர்களுக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து, ஒரே தடவை வந்து நின்றுவிட்டாலும், காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்: ஒரு நாள் வரும், அப்புறம் நின்றுவிடும், மனிதர் மறந்துவிடுவார். ரேடியேஷன் எடுத்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. மலம் போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும் அப்படியே. பிஎஸ்ஏ நன்றாக இருக்கிறது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. பிஎஸ்ஏ புராஸ்டேட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று மிக முக்கியம். ஸ்கோப் செய்யப் போகும் இடத்தில், புராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் எடுத்ததை முதலிலேயே சொல்லுங்கள், ப்ராக்கிதெரபி விதை என்றால் கட்டாயமாக. கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் பயாப்ஸி எடுத்தாலோ சுட்டாலோ அந்த இடம் ஆறாமல் துளை விழுந்து, சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் இடையே வழி உண்டாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சந்தேகமான கட்டி இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். வெறும் சிவப்புத் திட்டு என்றால் நிபுணர் விட்டுவிடுவார், ஆனால் அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

புகைப்பவர்கள் விட்டுவிடுங்கள். ரேடியேஷன் எடுத்தவர் தன் சிறுநீர்ப்பைக்காகத் தானே செய்துகொள்ளக்கூடியதில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஆறாத்துயர்:
அம்மா, அண்ணனுக்கும் முதலில் ஒரே ஒரு நாள்தான் சிவப்பாகப் போனது. எங்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் சொன்னார். நீங்கள் எழுதியதை அப்போது யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஸ்கோப்_செவிலியர்:
கொடுத்திருக்க வேண்டும், அண்ணா. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் தாளிலேயே அது இருக்க வேண்டும்.

காலைநடை ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கிறதா? எந்த வயதில்?

காலைநடை58:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதுதான் மூச்சு விடுகிறேன். நான் புகைப்பதில்லை. குடும்பத்தில், அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், அப்போது அவருக்கு 46 வயது. சித்திக்குக் கர்ப்பப்பையில், ஐம்பதை ஒட்டிய வயதில். இதை மருத்துவர்கள் கேட்டபோது "புராஸ்டேட் யாருக்கும் இல்லை" என்று மட்டும்தான் சொன்னேன், அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இது முக்கியமா?

ஸ்கோப்_செவிலியர்:
மிகவும் முக்கியம், ஐயா. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஐம்பதுக்குள் பெருங்குடல், அவருடைய தங்கைக்குக் கர்ப்பப்பை என்றால் லின்ச் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் பிறவியிலேயே இருக்கும் பிழை அது. இருந்தால், நீங்கள் எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் குடல் புற்றுநோய் வாய்ப்பு ரேடியேஷனால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, பாலிப் எனும் சதை வளர்ச்சியைக் கட்டியாக மாறும் முன்பே எடுத்துவிட முடியும். உங்கள் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம்.

பதிவேடு:
நாங்கள் பேசிக்கொண்டிருந்த எண்கள் எல்லாம் சராசரி மனிதருக்கானவை. லின்ச் இருந்தால் அந்தச் சராசரியில் நீங்கள் இல்லை. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பிழை இருந்தாலும் அப்படியே, கணையம் போன்ற வேறு இடங்களிலும் வாய்ப்பு கூடும். மிக அரிதாக டிபி53 மரபணுப் பிழை உள்ள குடும்பங்களில் கதிர்வீச்சையே முடிந்தவரை தவிர்ப்பார்கள். அதனால் மரபணு ஆலோசனை முதலில், முடிவு அப்புறம்.

காலைநடை58:
அதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? தள்ளிப்போட்டால் நோய் முற்றிவிடாதா?

லினாக்அறை:
3+4, பிஎஸ்ஏ 9, வெளியே பரவவில்லை என்றால் பொதுவாகச் சில வாரங்களில் எதுவும் கெட்டுவிடாது. எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில் 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஆபரேஷன், ரேடியேஷன், கவனித்துக்கொண்டே காத்திருப்பது. பதினைந்து வருடம் கழித்து மூன்று குழுவையும் சேர்த்துப் பார்த்தால் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூறுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அவர்களில் பலருக்கு உங்களைவிட லேசான நோய் என்பது உண்மை. ஆனாலும் நாளையே முடிவெடுக்க வேண்டிய அவசரம் இதில் இல்லை.

ஸ்கோப்_செவிலியர்:
மரபணு முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், ஐயா. கொலனோஸ்கோபியை இப்போதே செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு 46-இல் வந்தது என்பதை மட்டும் வைத்தே உங்களுக்கு அது தேவை. ரேடியேஷன் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இப்போது பாலிப் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம், மலக்குடலின் முன்சுவரில் இருந்தாலும்கூட. அதோடு ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று.

காலைநடை58:
இன்று காலை மரபணு ஆலோசனைக்குப் பதிவு செய்துவிட்டேன், கொலனோஸ்கோபிக்கும் தேதி கேட்டிருக்கிறேன். கதிர்வீச்சு மருத்துவரிடம் ப்ராக்கிதெரபிக்குத் தகுதி உண்டா என்றும், அறுவை சிகிச்சை நிபுணரிடம் பிறகு ரேடியேஷன் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு என்றும் கேட்க எழுதி வைத்திருக்கிறேன். தம்பிக்கும் போன் செய்து அம்மா, சித்தி விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு 52. இதுவரை ஒரு தடவைகூடக் கொலனோஸ்கோபி செய்ததில்லையாம்.

ஸ்கோப்_செவிலியர்:
அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா.